கூரைக்கு ஊற்றிய தண்ணீர்

அம்மா இறந்த அன்று பிறந்தவீட்டுக் கோடி போர்த்த ஆள் இல்லை. ஒரு பெண் இறந்தால் அவளுடைய அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். என் அம்மா ராமாயிக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. "பொறந்த ஊட்டுக் கோடி எங்கீங்க?" என்று கூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் பெரியம்மா கடைக்கு ஆளனுப்பி ஒரு சேலை வாங்கிவரச் சொன்னார்.

கோடி போர்த்த வேண்டியவர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். கொத்தனார் சீனிச்சாமி. கையில் ஜவுளிக்கடைப் பை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. அவரைத் தெருமுனையில் நிறுத்தியது நான் சொன்ன ஒரு பொய். எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிய பொய். அம்மாவுக்கு இருந்த ஒரே விருந்தாளியை அது இல்லாமல் ஆக்கியது.

அம்மா 1984இல் திருப்பூருக்கு வந்தாள். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். அப்பா மஞ்சள்காமாலையில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஐந்து வயது. வந்த வாரமே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்தாள். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்கு எதிரே விரித்துப் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் தேட வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கடைசிவரை அதே வேலைதான். வேலை முடிந்தாலும் அவள் கண் நிற்காது. பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டையிலும் குறை தெரியும். ஒரு கல்யாணத்தில் மேடைக்கு ஏறி மொய் வைத்துவிட்டு, "இம்புட்டு விலை குடுத்து எடுத்திருக்காக, வேட்டி மடிப்புல எண்ணெய்" என்றாள். மாப்பிள்ளைக்குக் கேட்டது.

சீனிச்சாமி அம்மாவின் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் கட்ட வந்தவர், சாப்பாட்டு நேரத்தில் அம்மா யாரையோ ஏசுவதைக் கேட்டிருக்கிறார். "நம்ம பக்கத்து வசவுல்லா? எந்த ஊரு தாயி?" என்று விசாரித்தார். அவர் குடும்பம் ஊரிலேயே இருந்தது. இங்கே பெருமாநல்லூரில், நாலு கொத்தனார்கள் சேர்ந்து எடுத்த லைன் வீட்டில் தங்கியிருந்தார். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்து வைத்தது அவர்தான். அம்மா கேட்கவில்லை. அவராகவே ஏழு தட்டோடு வந்தார். அன்றிலிருந்து எனக்கு மாமா, அம்மாவுக்கு அண்ணன்.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அரைக் கிலோ கறியோடு வருவார். உள்ளே வரமாட்டார். வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, வெயில் தாழ்ந்ததும் போய்விடுவார்.

"கொழம்புல உறைப்பு கூடிருச்சு ராமாயி."

"சாந்துச் சட்டியில கலவை கிண்டுத ஆளுக்கு நாக்கு வேறயா? திங்கிறதுன்னா தின்னுங்க. இல்லாட்டி தெய்வாத்தாக்கா வீட்டுப் பூனைக்குப் போடுதேன்."

"அந்தப் பூனையே போன வாரம் ஓமத் தண்ணி கேட்டுச்சாம்."

அம்மா வாரம் முழுவதும் சிரித்துப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சிரிப்பாள்.

அனுப்பர்பாளையத்துக்கு வடக்கே இந்த வீட்டைக் கட்டியது 1996இல். ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே காங்கிரீட் கூரை. மாமாதான் கட்டினார். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "உப்பு கரிக்குது. கலவைக்கு ஆகாது" என்றார். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். காங்கிரீட் போட்ட பிறகு நனைக்கப் போர் தண்ணீர் போதும் என்றார். அந்த வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கூரை மேல் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்.

"பதினாலு நாள் காயவிடாம ஊத்து தாயி. தண்ணி குடிக்கக் குடிக்கக் காங்கிரீட்டு இரும்பாயிரும்."

அம்மா இருபத்தோரு நாள் ஊற்றினாள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. பாத்தியை உடைக்கவிடவில்லை. மாசி பிறந்தால் ஆனி முடியும்வரை, வேலை விட்டு வந்ததும் மோட்டார் போட்டுக் குழாயோடு மேலே ஏறுவாள். கூரை நனைந்தால் வீடு குளிரும். ஆனால் அவள் கணக்கில் அது மட்டும் இல்லை. குடிக்கக் குடிக்க இரும்பாகும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவள் வாழ்க்கையில் சொந்தமாகக் கட்டியது அந்தக் கூரை ஒன்றுதான்.

"ஏனுங் ராமாயி, மொட்டமாடில வெள்ளாமை எப்படீங்? கரும்பா, மஞ்சளா?" என்று தெய்வாத்தாள் பெரியம்மா கீழே நின்று கேட்பார்.

"காங்கிரீட்டுக்கா. வெட்டுக்கு வரட்டும், உங்களுக்கும் ஒரு கட்டுத் தாரேன்."

பத்து வருடம் அப்படி ஊற்றினாள்.

நான் சிவில் படித்தேன். புனேயில் பழைய கட்டடங்களையும் பாலங்களையும் சோதிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வேன். 2006 சித்திரையில் ஒரு நாள் சொன்னாள்: "மேலருந்து ஒரு சில்லு விழுந்துச்சு. சோத்துக்குள்ள."

கருவிப் பெட்டியோடு லீவில் வந்தேன். சுத்தியலால் கூரையின் அடிப்பக்கம் முழுவதும் தட்டினேன். மூன்றில் ஒரு பங்கில், உள்ளே விட்டுப்போனதைக் காட்டும் பொத்தல் ஓசை. பூச்சை உடைத்தால் கம்பி பழுப்பாக உரிந்து வந்தது. காங்கிரீட் கெட்டியாக இருந்தது. உளி லேசில் இறங்கவில்லை. கலவையில் குற்றமில்லை. பல ஆழங்களில் துளையிட்டு, தூளைக் கரைத்துச் சோதித்தேன். உப்பு. மேல்பரப்பில் மிக அதிகம். கம்பி இருக்கும் ஆழத்தில்கூட அனுமதிக்கும் அளவைப் போல நாலு மடங்கு.

பாத்தியில் தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றும். உப்பு தங்கும். மறுநாள் ஊற்றும் தண்ணீர் அதை உள்ளே கொண்டுபோகும். பத்து கோடைகள். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைப் பருக்க வைக்கும். பருத்த கம்பி காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பாடப்புத்தகத்தில் இருக்கும் காரணம்தான். கடற்கரைக் கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் பார்த்தது அம்மா வீட்டில்தான்.

அம்மா ஏணிக்குக் கீழே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை தேடும் கண்.

"தண்ணி பத்தலையோ? நான் கம்மியா ஊத்திட்டனா ராணி?"

விஜயராணி என்பது என் பெயர். அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. ஏணியில் நின்றபடி சொன்னேன்: "தண்ணி இல்லம்மா. சிமெண்ட் பத்தல."

"சிமெண்ட்டா? மூடை எண்ணி இறக்குனமே."

"இறக்கினது எல்லாம் கலவைக்குப் போகலை போல."

"அண்ணனா?"

"அவர்னு சொல்லலை. கூட வந்த ஆளுங்களா இருக்கும்."

அம்மா கீழே விழுந்திருந்த சில்லுகளை முறத்தில் பெருக்கி எடுத்தாள். பழி வேறு எங்கோ போய்விட்டது, அவள் தப்பித்தாள் என்று நினைத்தேன். ஒரு சுமையை இறக்கி வைத்தால் இன்னொருவர் தலையில்தான் ஏறும் என்பதை, பாரம் கணக்குப் போட்டே பிழைக்கும் நான், யோசிக்கவில்லை.

கூரையை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உப்பு ஏறிய காங்கிரீட்டில் ஒட்டுப் போட்டால் நிற்காது. ஒட்டிய இடம் நன்றாக இருக்கும். அதைச் சுற்றி வெடிக்கும். கூரையை முழுதாக உடைத்து மாற்றுவதுதான் சரி. மூன்று மாதமாவது அம்மா வேறு எங்காவது இருக்க வேண்டும். புனேக்குக் கூப்பிட்டேன்.

"அங்க வந்து யார்கூடப் பேச? நீ காலையில போனா ராத்திரி வருவ."

"இங்க மட்டும் யார் இருக்கா?"

"ஞாயித்துக்கிழமை இருக்குல்ல" என்றாள். சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது.

மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் ஒட்டினேன். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, விழுந்த இடங்களை அடைத்து, மேலே நீர் புகாத பூச்சு அடிக்க ஆள் வைத்தேன். பாத்தியை இடித்தேன். "இனி தண்ணி ஊத்தக் கூடாதும்மா. பூச்சு வீணாயிரும்" என்றேன். தலையாட்டினாள். வேறொருவரின் கூரையாக இருந்திருந்தால் மாற்றச் சொல்லித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

நான் புனே திரும்பிய அடுத்த ஞாயிறு, போனில் சொன்னாள்.

"கேட்டுட்டேன்."

"யார்கிட்ட? என்ன?"

"மூடைய எங்க வித்தீகன்னு வாசல்ல வச்சே கேட்டேன். தெருவே பாத்துச்சு. ஒண்ணும் சொல்லல. கறிப்பைய மதில் மேல வச்சுட்டுப் போயிட்டாக. காக்கா கொத்திருச்சு."

"ஏம்மா கேட்ட? அவர்னு நான் சொல்லலையே."

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நம்பிருப்பேன் ராணி. அவுக சொல்லலையே."

அப்போது சொல்லியிருக்கலாம். தீபாவளிக்கு வந்தபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்குச் சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக, பொய்யை எடுத்தால் அவளிடம் மிஞ்சுவது என்ன என்று பயம் வந்தது. தன் கையாலேயே கூரையைக் கெடுத்தோம், அதற்கு மேல் அண்ணனையும் விரட்டினோம். இரண்டையும் சேர்த்து எப்படிக் கொடுப்பது?

அம்மா ஞாயிறுகளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டாள். "கால் கிலோ கேட்டா கறிக்கடைக்காரன் ஒரு மாதிரியாப் பாக்கான்" என்று கறி எடுப்பதை விட்டாள். போனில் பேச்சு குறைந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிரட்டா. பின்னால் டி.வி. ஓடும். யார் நடிக்கும் நாடகம் என்று கேட்டால் தெரியாது என்பாள்.

2008 கடைசியில் ஆர்டர் குறைந்தது. ஞாயிறு ஓவர்டைம் நின்றது. அதே சமயம் கூரையில், நான் ஒட்டிய இடங்களைச் சுற்றி, புதிதாக வெடிக்கத் தொடங்கியது. அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. விழும் இடங்களுக்குக் கீழே இருந்த பாயையும் பெட்டியையும் நகர்த்திப் போட்டிருக்கிறாள். கடைசியில் அறையின் ஒரு மூலையில்தான் படுத்திருக்கிறாள்.

2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு ஏழு மணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறுபடி ஒன்பதுக்கு முயன்றேன். பிறகு சாப்பிட்டுப் படுத்தேன்.

தெய்வாத்தாள் பெரியம்மா அன்று மடத்துக்குளத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். திங்கள் காலை திரும்பி வந்தவர், கதவு திறந்தே கிடப்பதைப் பார்த்து உள்ளே போனார். அம்மா அடுப்படியில் விழுந்து கிடந்தாள். பக்கவாதம். உயிர் இருந்தது. புதன்கிழமை போனது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும், எப்போது விழுந்தார் என்று டாக்டர் கேட்டிருந்தார். அடுப்பில் பற்றவைக்காத காலை உலை இருந்ததாகப் பெரியம்மா சொல்லியிருந்தார். ஞாயிறு ஒன்பது, பத்து மணி இருக்கும் என்றேன். நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். பத்து மணிக்கு அரைக் கிலோ கறியோடு ஒருவர் அந்தக் கதவுக்கு வந்துகொண்டிருந்த காலம் இருந்தது. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டில் தனியாக இருந்தேன். கூரையை மறுபடி தட்டிப் பார்த்தேன். இப்போது பாதிக்கு மேல் பொத்தல். மாற்றுவதைத் தவிர வழியில்லை. வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று சொல்ல அம்மாவும் இல்லை. ஆனால் சிமெண்ட் திருடிப் போட்டது என்று தெரு முழுவதும் நம்பும் கூரையை அப்படியே உடைத்தால், அந்தப் பேச்சு நிலைத்துவிடும். மறுநாள் பெருமாநல்லூர் போனேன்.

மாமா ஒரு கம்பெனிச் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டையைக் கீழே வைத்தார்.

"வா தாயி. சாப்பிட்டியா?"

"கூரை வேலை எடுக்கிறதில்லையா மாமா?"

"விட்டாச்சு. பூச்சு மட்டுந்தான்." சற்று நேரம் கையில் ஒட்டிய சாந்தை உரித்தார். "உங்க வீடு கட்டுன வருசம் இன்னும் மூணு வீட்டுக்குக் காங்கிரீட்டு போட்டேன். அதே ஆளுக, அதே கணக்கு. மூணையும் போயித் தட்டிப் பாத்துட்டேன். கல்லு மாதிரி நிக்குது. ராமாயி வீட்டுக்கு மட்டும் எங்க தப்புனேன்னு மூணு வருசமாப் பிடிபடல."

"நீங்க தப்பலை மாமா."

எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, பாத்தி, பத்து கோடைகள், ஏணியில் நின்று நான் சொன்னது.  நான் முடித்ததும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். 

வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு முதல்முறையாக உள்ளே வந்தார். கூரையைப் பார்த்தார். விழுந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினார். தரையில் வைத்து என் சுத்தியலால் அடித்தார். மூன்றாவது அடியில்தான் உடைந்தது. உடைந்த முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கலவை சரியாத்தான் இருக்கு."

"ஆமா மாமா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவ போறப்ப நான் திருடன்தான்."

சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"நெசத்தச் சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பா? ரெண்டு நாள் அழுவா. மூணாம் நாளு எனக்குப் போனப் போட்டு, 'ஏண்ணே, தண்ணி ஊத்துனா இரும்பாகும்னு நீகதான சொன்னீக, வந்து என் கூரைக்கு வழியச் சொல்லுங்க'ன்னு சண்டைக்கு நின்னுருப்பா. நானும் வந்திருப்பேன். அம்புட்டுத்தான் தாயி. அவ தாங்குவா. நீதான் தாங்கல."

"நீங்க ஏன் மாமா இல்லன்னு சொல்லலை?"

"படிச்ச புள்ள நீ பாத்துச் சொல்லிருக்க. மிசினு வச்சுப் பாத்தியாம். நான் என் கணக்கத்தான் சந்தேகப்பட்டேன்." எழுந்தார். "இத ஒட்டாத. உடச்சிரு."

"புதுசா நீங்க போட்டுத் தருவீங்களா?"

"இல்ல தாயி. வேற ஆளப் பாரு."

உடைந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை உடைக்கும் ஆட்கள் வந்தார்கள். அடுப்படிப் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். தெரு கூடியது. தெய்வாத்தாள் பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கொத்தனான் பண்ணுன வேலைக்கு இன்னிக்கு நீ செரமப்படறே பாரு கண்ணு."

"இல்லீங்க பெரியம்மா. மாமா போட்டது நல்ல காங்கிரீட்டுங்க. ஒரு மூட்டைகூடக் குறையலீங்க. உப்புத் தண்ணி ஏறித்தான் கெட்டுப்போச்சு. நான்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரர்களும் திரும்பினார்கள்.

"உப்புத் தண்ணியா? யாரு ஊத்துனது?" என்றவர், கேட்டுக்கொண்டே மேலே பார்த்தார். கம்பிகள் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன. "அப்பொ… ராமாயியா?"

ஆமாங்க என்றேன்.

"அய்யோ சாமி. தெனமும் ஏறி எறங்குனாளே."

 எதிர் வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து வந்து, என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டாள். மாமா திருடவில்லை என்பதில் தொடங்கி, அம்மா ஊற்றிய தண்ணீர்வரை மறுபடியும் சொன்னேன்.